பதினொரு நிமிட வரவேற்பு

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் விழாக் குழுத் தலைவர், பெருந்தகை அப்புத்துரை அவர்களே! காடு வெட்டிக் கழனியாக்கி, கல் பொறுக்கி நெல் விளைத்த வட்டக்கச்சிப் பெரியோர்களே! அக்கராயனிலிருந்து வண்டில் பூட்டி வந்திருக்கும் உழவர் பெருமக்களே! இடுப்பிலே பிள்ளையையும் மனத்திலே வீட்டுப் பொறுப்பையும் சுமந்து வந்து பாயில் அமர்ந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! ஆவணி விடுமுறையை ஆடியும் பாடியும் கழிக்க வந்த அன்புச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் வீரகத்தி வாத்தியாரின் பணிவான வணக்கம்.

என்ன, அதற்குள் முடிந்துவிட்டதா என்று பார்க்கிறீர்கள். "வாத்தியாருக்கு இண்டைக்குத் தொண்டை சரியில்லைப் போல" என்று பின்னுக்கு யாரோ சொல்வதும் காதில் விழுகிறது. தொண்டைக்கு ஒன்றும் இல்லைத் தம்பி! என் சட்டைப்பையிலே பத்தொன்பது பெயர்கள் எழுதிய தாள் இருக்கிறது. தலைவர் தம் கைப்பட எழுதித் தந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அடைமொழி, ஒவ்வோர் அடைமொழிக்கும் ஓர் எதுகை, ஒவ்வோர் எதுகைக்கும் உங்கள் கைதட்டல். போன ஆண்டு அப்படித்தான் படித்தேன். இந்த ஆண்டு படிக்கப் போவதில்லை. ஏன் படிக்கப் போவதில்லை என்பதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

சங்கக்கடைச் சுவரிலே நம் விழா அறிவித்தலைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் இலவசம்! சாக்கோட்டம் உண்டு, சங்கீதக் கதிரை உண்டு. கயிறிழுத்தல் உண்டு, கண்ணைக் கட்டி முட்டி உடைத்தல் உண்டு. வெள்ளைத் திரையிலே படம் உண்டு, வேம்பின் நிழலிலே மோர் உண்டு. குளத்திலே நீராட்டும் உண்டு. குளக்கரையிலே காவலுக்கு ஆள் உண்டா? இல்லை! பலகை உண்டு. "ஆழம், அவதானம்" என்று சிவப்பு மையில் எழுதிய பலகை. ஆனா எழுதப் பழகாத ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பலகை காவல் நிற்குமாம்! எழுதியவர்களுக்கு வெட்கம் இல்லையா? கேட்கிறேன், வெட்கம் இல்லையா? அந்தப் பலகையின் வாசகத்தை எழுதிக் கொடுத்தவனும் நான்தான். ஆகவே முதல் வெட்கம் எனக்கு.

போன ஆண்டு பலகை இல்லை, மனிதன் ஒருவன் இருந்தான். பெயர் சூசைப்பிள்ளை. முல்லைத்தீவுக் கரையிலே பிறந்து, கடலிலே வளர்ந்தவர். நாங்கள் யார்? யாழ்ப்பாணத்திலே துலாவில் தண்ணீர் இறைத்து, வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிய சனம். இங்கே குடியேற்றத்திலே குளம் கொடுத்தார்கள், வாய்க்கால் கொடுத்தார்கள், வயல் கொடுத்தார்கள், வந்தோம். நீந்தத் தெரியுமா நமக்கு? கழுத்தளவு தண்ணீர் என்றால் கடவுளைக் கூப்பிடுகிறவர்கள் நாம். அதனால்தான் விடுமுறைக்கு நம் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க அவரைக் கூட்டி வந்தோம். இரண்டு காய்ந்த தேங்காய்களைச் சேர்த்துக் கட்டிப் பிள்ளையின் மார்பின் கீழே வைத்து, "பயப்பிடாதை மோனை, கையை வீசு, நான் பிடிச்சிருக்கிறன்" என்று பதினான்கு நாள் பழக்கினார். பதினான்கு நாளும் ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை.

பதினைந்தாம் நாள் நிறைவு விழா. கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. பத்து மணிக்கு வரவேண்டியவர் ஒரு மணிக்கு வந்தார். காத்திருந்து களைத்த சனம் பாதி வீட்டுக்குப் போய்விட்டது. பிள்ளைகள் எல்லாம் குளத்திலே. பந்தல் வெறிச்சென்று கிடந்தது. பெரியவர் கண்ணுக்கு வெறும் கதிரைகள் தெரியலாமா? தெரிந்தால் நம் மானம் என்னாவது? மாலை தூக்கக்கூட ஆள் இல்லை. செயலாளர் வீரகத்தி ஓடினார் குளக்கட்டுக்கு.

"சூசைப்பிள்ளை, உடன வாரும்! மாலை பெரிசு, தூக்க உயரமான ஆள் வேணும்" என்றேன்.

"வாத்தியார், பிள்ளையள் தண்ணிக்கை நிக்குதுகள். நான் எப்பிடி வாறது?"

"கரையேத்திப்போட்டு வாரும். அஞ்சு நிமிஷத்திலை நீர் திரும்பலாம்."

"துருசு மதகுப் பக்கம் ஆழம் வாத்தியார். இதுகள் என்ர சொல்லுக் கேக்குங்கள், நான் நிண்டால்தான் கேக்குங்கள்."

"விருந்தாளி வந்திட்டார் எண்டு சொல்லுறன், நீர் நியாயம் கதைக்கிறீர்!"

அவர் என்ன செய்வார்? இருபத்து மூன்று பிள்ளைகளையும் எண்ணிக் கரையேற்றி, "நான் வருமட்டும் ஒருத்தரும் இறங்கப்படாது" என்று சொல்லி, இடுப்பிலே கட்டிய ஈரச் சாரத்தோடு வந்து மேடையிலே பெரியவரின் பின்னால் மாலையைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். பிடித்தவன் விட்டேனா?

அந்த இருபத்து மூன்று பேரிலே ஒருத்தி பத்மாசனி. ஒன்பது வயது. நம் வட்டக்கச்சி அன்னபாக்கியத்தின் மூத்த மகள். குளக்கட்டிலே வைத்த தேங்காய்ச் சோடி ஒன்று உருண்டு தண்ணீரிலே விழுந்து துருசுப் பக்கமாக மிதந்தது. "சூசை மாமா ஏசப் போறார், நான் எடுத்துக்கொண்டு வாறன்" என்று இறங்கினாள். பதினான்கு நாள் பழகிய பிள்ளைக்குத் தனக்கு நீந்தத் தெரியும் என்ற நம்பிக்கை. மகளைச் சோற்றுக்குக் கூப்பிட வந்த தாய்க்கு மற்றப் பிள்ளைகள் துருசைக் கைகாட்டின. தாய் ஓடி வந்தாள் பந்தலுக்கு.

நான் அப்போது ஏழாவது பெயரிலே நின்றேன்.

மேடைக்குக் கீழே நின்று கையை உயர்த்தி, "வாத்தியார், ஒருக்கா நிப்பாட்டுங்கோ! என்ர பிள்ளை..." என்றாள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று விசாரணைக்கு வந்தவர்களிடம் சொன்னேன். பொய்! பச்சைப் பொய்! எனக்குக் கேட்டது. அவ்வளவும் கேட்டது. மீதியைக் கேட்க எனக்கு நேரம் இல்லை, எட்டாவது பெயர் நாக்கின் நுனியிலே நின்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா? புன்சிரிப்போடு ஒலிவாங்கியிலே சொன்னேன்: "தாய்மார் சற்று அமைதி காக்க வேண்டும்." நீங்கள் கைதட்டினீர்கள். ஓம், நீங்கள்தான்! இப்போது ஏன் தலையைக் குனிகிறீர்கள்? தொண்டர் இரண்டு பேர் அவளைக் கையிலே பிடித்துப் பந்தலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். நான் எட்டைச் சொன்னேன், ஒன்பதைச் சொன்னேன், பத்தைச் சொன்னேன்.

அவள் மேடையைச் சுற்றிப் பின்பக்க ஏணியால் ஏறி, சூசைப்பிள்ளையின் சாரத்தைப் பிடித்து இழுத்தாள். "அண்ணை, என்ர பிள்ளை துருசடியிலை!" அந்த நேரம் நான் பத்தொன்பதாவது பெயரை, பெரியவரின் பெயரை, உச்சக் குரலில் முழங்கி முடித்தேன். மாலை விழவேண்டிய நேரம். மாலை விழுந்தது, பெரியவரின் காலடியிலே! போட்டுவிட்டு ஓடினார் மனிதர். அவருடைய முதுகைப் பார்த்து நான் ஒலிவாங்கியிலே என்ன சொன்னேன்? "மேடை மரியாதை தெரியாத மனிதர்!" என்றேன். அதற்கும் சிரித்தீர்கள்.

நான்காம் முறை மூழ்கி எழும்பியபோது பத்மாசனி அவர் கையிலே இருந்தாள். உயிர் இல்லை.

இருங்கள்... தண்ணீர் வேண்டாம். வேண்டாம் என்கிறேன்.

பிறகு வீட்டிலே மேசை மணிக்கூட்டை முன்னால் வைத்து அந்தப் பட்டியலை அதே ஏற்ற இறக்கத்தோடு படித்துப் பார்த்தேன். பதினொரு நிமிடம். பதினொரு நிமிடம் நான் பெரியோரை வாழ்த்தியிருக்கிறேன். அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது, அதையும் கேளுங்கள். விசாரணைக்கு விழாக் குழு ஒரு கடிதம் கொடுத்தது. "காவலுக்கு நின்றவர் தம் இடத்தை விட்டு அகன்றமையே இவ்விபத்துக்குக் காரணம்." எழுதியவன் நான். கையெழுத்து வைத்தவர்கள் இந்த மேடையிலே இருக்கிறார்கள். நல்ல தமிழ்! பிழை ஒன்றும் இல்லை, உண்மையும் ஒன்றும் இல்லை. அகன்றார் என்று எழுதினேன். அகற்றினேன் என்று எழுதக் கை வரவில்லை.

ஊர் அதோடு விட்டதா? "கடற்கரையான், குடிவெறியிலை நிண்டிருப்பான்" என்று கதை கட்டியது. அந்த மனிதர் பழரசம் என்று கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துக் குடிக்கிறவர்! கதை முல்லைத்தீவு வரைக்கும் போய், பிள்ளையைச் சாக விட்டவன் என்று தோணி முதலாளி சம்மாட்டி அவரைத் தோணியாலே இறக்கிவிட்டார். ஒரு வருடமாக அவருக்குக் கடல் தொழில் இல்லை.

என்ன இது? தலைவர் துண்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார். "சுருக்கமாக முடிக்கவும்." ஆகா! அருமை! தலைவர் அவர்களே, இந்தத் துண்டு போன ஆண்டு ஏழாவது பெயரிலே வந்திருக்கக்கூடாதா? போன ஆண்டு நீங்கள் அனுப்பிய துண்டிலே, "இன்னும் ஒருவர் பெயர் விடுபட்டது, சேர்க்கவும்" என்றல்லவா இருந்தது? வேட்டியை இழுக்காதீர்கள் ஐயா. கிழிந்தால் கிழியட்டும், இதற்கு மேல் போக என்னிடம் மானம் இல்லை.

எனக்கு இந்தத் துணிவு தானாக வந்தது என்று நினைக்காதீர்கள். போன கிழமை அன்னபாக்கியம் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். கதிரை போட்டேன், இருக்கவில்லை.

"வாத்தியார், சூசை அண்ணையிலை ஏன் பழியைப் போட்டனீங்கள்? என்ர பிள்ளைக்காகத் தண்ணிக்கை குதிச்சது அவர் ஒராள்தான். நான் கூப்பிட்டன். நீங்கள் கைதட்டு வாங்கினீங்கள்."

அவ்வளவுதான் சொன்னாள். வேலிப் படலையைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். நேற்று அவளே பஸ் ஏறி முல்லைத்தீவுக்குப் போய் அவரைக் கூட்டி வந்திருக்கிறாள். அதோ, பந்தலுக்கு வெளியே வேம்போடு நிற்கிறார், பாருங்கள். திரும்பிப் பாருங்கள்! இவ்வளவு கதிரை இருக்கிறது, ஒருவராவது "இருங்கோ" என்றீர்களா?

பெரியோர்களே! இதோ என் கையிலே புதிய கடிதம். "செயலாளர் வீரகத்தியின் கட்டளையால் காவலர் குளத்தை விட்டு அழைக்கப்பட்டார். தாயின் குரலைக் கேட்டும் செயலாளர் பேச்சை நிறுத்தவில்லை. பழைய கடிதம் பொய்." என் கையெழுத்து வைத்தாயிற்று. ஒரு பிரதி விசாரணை செய்தவர்களுக்கு, ஒரு பிரதி அந்தச் சம்மாட்டிக்கு. வேலை போகுமா? போகட்டும். வழக்கு வருமா? வரட்டும். பழைய பொய்க்குக் கையெழுத்து வைத்த கைகள் இந்த உண்மைக்கு வைக்குமா? மேசையிலே பேனா இருக்கிறது. வைக்கும் வரைக்கும் நம் பிள்ளை ஒன்றும் அந்தக் குளத்திலே கால் நனைக்கக் கூடாது. தாய்மார்களே, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கைதட்ட வேண்டாம்! தயவு செய்து ஒருவரும் கைதட்ட வேண்டாம்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி சொல்லி முடிப்பது முறை. என் நன்றி, மாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடிய அந்த ஒரு மனிதருக்கு. என் வணக்கம், போன ஆண்டு இந்த இடத்திலே நான் வாயை மூடச் சொன்ன அந்தத் தாய்க்கு.

தங்கச்சி அன்னபாக்கியம், எழும்பி வாங்கோ. முன்பக்கத்தாலேயே ஏறி வாங்கோ. இந்த ஒலிவாங்கியைப் பிடியுங்கோ. அண்டைக்குச் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லுங்கோ. வாத்தியார் அமைதி காக்கிறன்.