கதிரவெளி வீட்டில் பிரிட்ஜ் எரிந்த விதம்

பெயர்: கந்தையா வினாயகமூர்த்தி. வயது: 51. தொழில்: கடற்றொழில். முகவரி: கடற்கரை வீதி, கதிரவெளி. திகதி: 2012.06.11.

நான் மேற்படி முகவரியில் மனைவி கண்ணகையுடன் வசித்து வருகிறேன். சுனாமியில் போன வீட்டை யுத்தம் முடிந்த பிறகுதான் வங்கிக் கடனில் கட்ட முடிந்தது. கடனுக்காக வீட்டையும் சாமான்களையும் காப்புறுதி செய்யச் சொன்னார்கள், செய்தேன். வயரிங் செய்தவர் ஓட்டமாவடி இப்றாஹிம். சுத்தமான வேலைக்காரர்.

சென்ற மாதம் 28ஆம் திகதி அம்மன் கோயில் சடங்கு நடந்தது. பகல் இரண்டு மணிக்குக் கரண்ட் நின்றது. பிரிட்ஜில் மனைவியின் இன்சுலின் இருந்தபடியால் கோயில் ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்து வீட்டு பிளக்கில் கொடுத்தேன். ஊருக்குக் கரண்ட் இல்லாத யுத்த காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். அப்போது மெயின் சுவிட்ச் என்று ஒன்று இல்லை, ஆகவே அதை அணைக்க வேண்டும் என்பது என் மண்டையில் ஏறவில்லை. மூன்று மணிக்கு லைன் கரண்ட் திரும்பி வந்து ஜெனரேட்டர் கரண்டோடு மோதியதும் படாரென்று சத்தம் கேட்டது. பிரிட்ஜும் டிவியும் எரிந்து போயின. அதன் பின் வயரைச் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன்.

தகவல் கேட்டு இப்றாஹிம் அன்று மாலையே வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார். “என்ட வேலையில எங்க பிழ வந்ததெண்டு விளங்குதில்ல அண்ணன்” என்று தலையில் கைவைத்தார். போகும்போது இன்சுலினைத் தன் வீட்டுப் பிரிட்ஜில் வைக்க எடுத்துச் சென்றார். அதிலிருந்து தேவையானதை அவ்வப்போது ஐஸில் வைத்துக் கொண்டு வந்து தந்தார். ஜெனரேட்டர் வயர் இழுத்ததை நான் அவருக்குச் சொல்லவில்லை.

அதன் பின் காப்புறுதிக் கம்பனி அலுவலர் வந்தார். மின்னழுத்தம் கூடியோ வயரிங் பிழையாலோ எரிந்தால் நட்டஈடு உண்டு, வீட்டுக்காரர் தானே வேறு இணைப்புக் கொடுத்திருந்தால் இல்லை என்றார். இன்னொரு பிரிட்ஜ் வாங்க எனக்கு வழியில்லை. வயரிங் பிழை என்று கம்பனிக்குக் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டேன். அதை வைத்துக் கம்பனி முறைப்பாடு செய்ய, இன்று காலை இப்றாஹிமை இந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கூட்டி வந்தார்கள்.

அதன் பின் பதினொரு மணியளவில் அவர் மனைவி றம்லா எங்கள் வீட்டுக்கு வந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. ஐஸ் போட்ட பிளாஸ்கைக் கண்ணகையிடம் நீட்டி, “அக்காட மருந்து. இனி ஆரு கொண்டு வாறதெண்டு தெரியா” என்றார். கடிதம் எழுதியது நான் என்று தெரிந்தும்தான் கொண்டு வந்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல் இருந்தது. உடனே அவரையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன்.

நட்டஈடு எனக்கு வேண்டாம். பொய் எழுதியதற்கு என்ன தண்டனை என்றாலும் ஏற்கிறேன். றம்லா வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். ஓட்டமாவடிக்குக் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. அதற்கு முன் அவர் புருஷனை விட்டுவிடும்படி கேட்கிறேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், விளங்கிக்கொண்டேன். கம்பனிக்குக் கொடுத்த கடிதம் பொய், இது உண்மை.

ஒப்பம்: க. வினாயகமூர்த்தி