டமடம டீச்சரும் பக்கத்து அறைக் கணக்கு வாத்தியாரும்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, முதல் வரிசையில் இருக்கும், மறைந்த இசையாசிரியை அம்மையாரின் கணவர் அவர்களே, பெற்றோர்களே, இன்றைக்காவது சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும் ஏழாம் வகுப்பு மாணவ மாணவியரே! கனத்த நெஞ்சோடு அனைவருக்கும் வணக்கம்.

நம் இசையாசிரியை அம்மையாரைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? ஒன்றே ஒன்றுதான். பதினான்கு ஆண்டுகள் அவர் வகுப்புக்கும் என் கணக்கு வகுப்புக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைத் தடுப்பு மட்டுமே!

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் டமடம டீச்சர். தண்ணீர்க் குழாயை அறுத்து ஊதவைப்பார். பாட்டிலில் கூழாங்கல் போட்டுக் குலுக்கவைப்பார். வாளியைக் கவிழ்த்து அடிக்கவைப்பார். இந்தப் பக்கம் நான் பின்னம் கூட்டிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் இருபது வாளிகள் இடியாய் முழங்கும்! எந்த மனிதன் பொறுப்பான்? எழுதினேன் புகார். ஒன்றல்ல, ஒன்பது!

ஒன்பதாவதில் தலைமையாசிரியைக்கே பொறுமை போயிற்று. "ஒரு மாசத்துக்கு உங்க ரூம்ல இருந்து ஒரு சத்தம் வரக்கூடாது" என்றார். அம்மையார் அழுதாரா? வாதாடினாரா? "சரிங்க மேடம்" என்று போய், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். "வாயை மூடுங்க, காதைத் தொறங்க. கேக்குறதை எல்லாம் எழுதுங்க."

ஒரு மாதம் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி! வென்றேன் என்று மீசையை முறுக்கினேன்.

ஆண்டு விழா வந்தது. 'எங்கள் பள்ளிக்கூடம்' என்று ஏழாம் வகுப்பு மேடையேறியது. சைக்கிள் மணி, கதவின் கிறீச், எல்லாம் குழாயிலும் வாளியிலும்! அப்புறம் மூன்று கனைப்பு. டஸ்டர் அடி. முப்பது குரல்: "புரிஞ்சுதா? அடுத்த கணக்கு! புரிஞ்சுதா? அடுத்த கணக்கு!" அரங்கமே வயிறு குலுங்கச் சிரித்தது. சிரிக்காதவன் நான் ஒருவன்தான்.

மேடைக்குப் பின்னால் பாய்ந்தேன். "என்னம்மா, என்னை நக்கல் பண்ணத்தான் ஒரு மாசம் சும்மா இருந்தீங்களா?"

"நக்கல் இல்ல சார். காதுல விழுந்ததை எழுதியிருக்காங்க. நீங்களே பாருங்க" என்று தாள்களை நீட்டினார்.

முப்பது தாளிலும் 'புரிஞ்சுதா'. ஒன்றிலாவது ஒரு பிள்ளையின் பதில் இருந்ததா? இல்லை! நான் இடம் கொடுத்தால்தானே!

மறுநாள் என் வகுப்பில் "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்தேன். பத்து எண்ணும்வரை பொறுத்தேன். பதினோரு கைகள் எழுந்தன. "புரியல சார்!" இருபத்திரண்டு ஆண்டு வாத்தியார் வேலையில் நான் கேட்ட முதல் உண்மை அது.

அந்த அம்மையாரைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சுவலி கொண்டுபோய்விட்டது. துக்கம் விசாரிக்கப் போனேன். "எங்க வீட்ல எந்தப் பாத்திரத்துக்கும் மூடி கிடையாது சார். எல்லாம் ஏழாம் வகுப்புல இருக்கு. அங்கேயே இருக்கட்டும்" என்று அவர் கணவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் உடைந்தது.

காலியான அந்தப் பாடவேளையைக் கணக்குக்கே எடுத்துக்கொள்ளச் சொன்னார் தலைமையாசிரியை. பழைய ஆளாயிருந்தால் அள்ளிக்கொண்டிருப்பேன்! இந்தச் சபை முன் சொல்கிறேன்: மாட்டேன். புதிய ஆசிரியர் வரும்வரை இசை வகுப்பை நானே நடத்துவேன் என்று நேற்று பிள்ளைகளிடம் போய் நின்றேன். வகுப்புத் தலைவி ஒரு வாளியைக் கொடுத்து அடிக்கச் சொன்னாள். அடித்தேன். நெடுநேரம் யோசித்தாள்.

"சார், நீங்க நடத்த வேணாம். கடைசி வரிசையில உக்காந்து கத்துக்குங்க. நாங்க பாத்துக்குறோம்."

அம்மையாரே! உங்கள் வகுப்பு நடக்கும். திங்கட்கிழமை, மூன்றாம் பாடவேளை, கடைசி வரிசை. நான் வந்துவிடுவேன்.