பிராங்க்பர்ட்டுக்கு ஓர் உப்புக்கிழி

ஏலப்பாறை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மா தன் வீட்டுக்காரரிடம் கேட்டார். "ஏங்க, ஜெர்மனியில அட்டை கடிக்குமா?"

நான் வெளியே பார்ப்பதுபோல் இருந்துகொண்டேன்.

"ஏளா, நாம போறது பிராங்க்பர்ட்டு. பெரிய டவுனு. அங்க ஏது அட்டை?"

"எப்பவும் மழைன்னு மக எழுதியிருக்காள்லா. வீட்டைச் சுத்திப் புல்லாம். மழையும் புல்லும் இருந்தா அட்டை இருக்காதா? அட்டை ஏறினா மேல ஒத்துறதுக்கு நான் உப்புக்கிழி கட்டி வச்சிட்டேன்."

"ஒரு வாரம் இருந்துட்டு வரப்போறோம். தேயிலைக் கொழுந்து எடுக்கவா கூப்பிட்டிருக்கா?"

"நல்லா சிரிங்க. நர்சு வேலைக்குப் போனவ வெள்ளைக்காரனைக் கட்டிக்கிட்டா. சம்பந்தக்காரங்க நம்மள இப்பத்தான் முதல்முதலா பாக்கப் போறாங்க. அவங்க வீட்டு நடுக்கூடத்துல என் கால்ல ரத்தம் வடிஞ்சா, அவ மூஞ்சிய எங்க கொண்டு வைப்பா?"

அவர் குட்டிக்கானம் தாண்டும்வரை மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வெறும் உப்பு பத்தாது. புகையிலையும் பொடிச்சுச் சேத்துக் கட்டு."