மண்டபத்துக்கு வந்த வாய்க்கால்

தண்ணீர்ப் பஞ்சத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வைத்திருக்கும் விழாக் குழுவினரே! மண்டபத்தையும் கொடுத்து, மதியச் சாப்பாட்டையும் கொடுத்து, தலைமை நாற்காலியையும் தானே எடுத்துக்கொண்ட தலைவர் கந்தப்பன் ஐயா அவர்களே! ஏரிப் பாதுகாப்புச் சட்டத்தை விளக்க வந்து மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்திருக்கும் அதிகாரிப் பெருமக்களே! குடத்தோடு நின்றே பாதி ஆயுளைக் கழித்து இன்றைக்குத்தான் உட்கார நாற்காலி கிடைத்திருக்கும் தாய்மார்களே! கோயிலிலும் சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் மழை வேண்டித் தொழுதுவிட்டு, இப்போது தூறல் விழுந்ததும் வண்டி நனைகிறதே என்று வாசலை எட்டிப் பார்க்கும் பெரியோர்களே! பிரியாணி வாசம் வரும் திசையில் முகத்தைத் திருப்பி அமர்ந்திருக்கும் இளைய தோழர்களே! நெட்டேரிப்பட்டி ரூபன் உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

நான் போர்வெல் போடும் ரிக் வண்டியில் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவன். காது கொஞ்சம் மந்தம். அதனால் சத்தமாகப் பேசுவேன். திட்டுகிறவர்கள் நீங்களும் சத்தமாகத் திட்டுங்கள்.

தோழர்களே! ஏரியைக் காக்கச் சட்டம் இருக்கிறதா? இருக்கிறது! ஆக்கிரமிப்பை அகற்றச் சட்டம் இருக்கிறதா? இருக்கிறது! மாடியில் விழும் மழைநீரை மண்ணுக்குள் இறக்கச் சட்டம் இருக்கிறதா? அதுவும் இருக்கிறது! நெட்டேரிக்குக் கரை இருக்கிறது, மதகு இருக்கிறது, மீறினால் தண்டனை என்று மிரட்டும் பலகை இருக்கிறது. தண்ணீர் ஒன்றுதான் இல்லை. பலகையைப் படித்துவிட்டு அது மட்டும் பயந்து வெளியேறிவிட்டது போலிருக்கிறது!

யாரப்பா அது பின்னால், "பலகையிலயும் பாதி எழுத்து காணோமுங்க" என்பது? உண்மைதான். ஆடு உரசி அழிந்துவிட்டது. இந்தச் சட்டத்தோடு இவ்வளவு நெருங்கிப் பழகிய ஒரே ஜீவன் அந்த ஆடுதான்.

நாம் யார்? பூமிக்குத் துளை போடுவதையே பிழைப்பாகக் கொண்ட ஊர். ராய்ப்பூரில் தண்ணீர் வேண்டுமா? கூப்பிடு நெட்டேரிப்பட்டிக்காரனை! ஆப்பிரிக்காவில் பாறை உடைய வேண்டுமா? ஏற்று நம் ரிக்கைக் கப்பலில்! இப்படிப்பட்ட நம்மிடம் போன கோடையில் ஒருவர் வந்து சொன்னார்: "ஏரிக்குள் ஒரு குழாய் இறக்குங்கள். மழை பெய்தால் தண்ணீர் அதன் வழியே பூமிக்குள் போகும், சுற்றுக் கிணறெல்லாம் ஊறும்." நல்ல யோசனை. கந்தப்பன் ஐயா கூலி வாங்காமல் தன் ரிக் வண்டியை அனுப்பினார். நானும் போனேன்.

இறக்கினோம். பாறை வந்தது, உடைத்தோம். புகை வந்தது, துடைத்துக்கொண்டோம். திடீரென்று, தண்ணீர் வந்துவிட்டது! தென்னை உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கிறது தண்ணீர்! அப்போது நாம் என்ன செய்திருக்க வேண்டும்? "ஐயையோ, இது தண்ணீரை உள்ளே அனுப்பப் போட்ட குழி" என்று வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். நாம் என்ன செய்தோம்? தேங்காய் உடைத்தோம்! சந்தனம் வைத்தோம்! கந்தப்பன் ஐயா ஈரச் சட்டையோடு என்னைக் கட்டிப்பிடித்து, "கை ராசி சாமி உனக்கு!" என்றார். அன்று பொழுது சாய்வதற்குள் மோட்டார் இறங்கியது, குழாய் ஓடியது. எங்கே ஓடியது? இதோ, இந்த மண்டபத்துக்கு!

பூமிக்குத் தண்ணீர் கொடுக்கப் போய், பூமியிடம் இருந்ததையும் பிடுங்கிக்கொண்டு வந்த ஊர், உலகத்திலேயே நம் ஊராகத்தான் இருக்கும்.

சிரிக்கிறீர்கள். முன்வரிசையில் இன்னாசிமேரி அக்கா சிரிக்கவில்லை, பாருங்கள். ஏரிக்கரையை ஒட்டி வெங்காயம் போடுகிறவர். அந்த மோட்டார் ஓட ஓட அவர் கிணறு இறங்கி, இப்போது அடியில் சேறுதான் இருக்கிறது. பிளாட் போட்டு விற்கிற ஒருவர் கார் வைத்துக்கொண்டு அக்காவின் வெங்காயக் காட்டையே சுற்றுகிறார். நேற்று அக்காவிடம் கேட்டேன். "இந்த மழைக்கு ஏரி ரொம்பினா வெங்காயம் நடுவேன் சாமி. இல்லீன்னா தை மாசம் காட்டைக் குடுத்துட்டு, மக ஊட்டுக்குத் திருப்பூர் போயிருவேன்" என்றார். தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவே போய் உட்காரப் போகிறார், மண்ணைத் தொட்டுப் பார்த்தே மழை சொல்லுகிற மனுஷி!

ஏரி ஏன் நிரம்பவில்லை? மழை பெய்யவில்லையா? பெய்தது! மேட்டுக்காட்டில் விழுந்த தண்ணீர் ஏரிக்கு வர வாய்க்கால் இல்லையா? இருக்கிறது! எங்கே இருக்கிறது? அதிகாரி ஐயா, தயவுசெய்து கீழே பாருங்கள். உங்கள் பாதத்துக்கு அடியில் இருக்கிறது.

மணி அடிக்காதீர்கள் தலைவரே, முடிக்கப் போகிறேன். இந்த மண்டபத்தின் சமையல்கட்டு வாய்க்காலில் இருக்கிறது. ஏரிப் பக்கத்துச் சுற்றுச்சுவர் அதன் குறுக்கே நிற்கிறது. மேட்டுப் பக்கத்துக் கேட்டில் மழைக்காலம் முழுக்க மணல் மூட்டை அடுக்கி, வருகிற தண்ணீரைத் தார் ரோட்டுக்குத் திருப்பிவிடுகிறார்கள். ஏரிக்கு வர வேண்டிய தண்ணீர் லாரி டயரைக் கழுவிவிட்டுப் போகிறது! இரண்டு ஆடி போய்விட்டது மண்டபத்தில் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் ஒட்டி. அந்த நோட்டீஸ் மேலேயே மூன்று கல்யாண பேனர் கட்டியாயிற்று. குடிசைக்காரன் கரையோரம் கோழிக்கூடு வைத்தால் மறுநாளே ஜேசிபி வருகிறதே, மண்டபத்துக்கு மட்டும் அந்த ஜேசிபிக்கு வழி தெரியாதா?

"ஏப்பா ரூபா, சாப்பிட்ட ஊட்டுக்கே..." என்கிறார் தலைவர். இன்னும் சாப்பிடவில்லை ஐயா! அதற்குள்...

என்ன அங்கே சலசலப்பு? பிரியாணி மாஸ்டர் சலீம் பாய் ஏன் கரண்டியோடு ஓடி வருகிறார்? சத்தமாகச் சொல்லுங்க பாய்!

"தண்ணி வருது! சமையல்கட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சு!"

தோழர்களே, பதற வேண்டாம். மேட்டுக்காட்டில் நல்ல மழை பெய்திருக்கிறது. கேட்டிலிருந்த மணல் மூட்டையை நகர்த்தியது யார் பாய்? "அண்டா வண்டி உள்ள வரோணும்னு நாந்தான் நகர்த்துனேன், திருப்பி வெக்க மறந்துட்டேன்" என்கிறார். கேட்டீர்களா! இரண்டு வருடமாகச் சட்டம் திறக்காத கதவைப் பிரியாணி திறந்துவிட்டது!

முன்வரிசைக்காரர்கள் காலைத் தூக்கிக்கொள்ளுங்கள். அதிகாரி ஐயா, நாற்காலி மேல் ஏறிக்கொள்ளுங்கள். நீங்கள் ஆய்வுக்குப் போக வேண்டியதில்லை, வாய்க்காலே உங்களை ஆய்வு செய்ய வந்திருக்கிறது. "அடுப்பு அணைஞ்சு போச்சு, ராசிபுரத்து நெய் போட்ட தம், அண்டா ஆடுது!" என்று சலீம் பாய் அழுகிறார். தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். ஏதோ கத்துகிறார்... ஐயா, எனக்குக் காது மந்தம், மைக்கில் சொல்லுங்கள்!

"ஏரிப் பக்கத்துச் சுவத்த இடிங்கடா! அண்டா போவுது!"

அதிகாரி ஐயா கேட்டீர்களா? தாய்மார்கள் கேட்டீர்களா? ரிக் பசங்களே, கடப்பாரையை எடுங்கள்! ஒரு போடு! இன்னொரு போடு! விழுந்தது! ஆகா, அந்தச் சத்தம் என் மந்தக் காதிலேயே விழுந்ததே! போகிறது, பாருங்கள், செம்மண் கலங்கி, நுரை தள்ளி, யாரிடமும் அனுமதி கேட்காமல் போகிறது தண்ணீர்!

என்னங்க ஐயா? அண்டா தப்பிவிட்டது, சந்தோஷம். "அண்டாவுக்காகத்தான் இடிக்கச் சொன்னேன், காலைல கொத்தனார வரச்சொல்லிக் கட்டிக்குவேன்" என்கிறீர்களா?

தோழர்களே! இதுதான் நம் ஊர். பிரியாணிக்கு ஆபத்து என்றால் இடிக்கிற சுவரை, கிணற்றுக்கு ஆபத்து என்றால் கட்டுகிறோம். கூட்டம் கலைந்ததும் கொத்தனார் வருவார், நோட்டீஸ் வரும், பேனர் வரும். சட்டத்துக்குக் கால் கிடையாது, கை கிடையாது. நாம் போய் நின்றால்தான் அது நிற்கும்! நாம் உட்கார்ந்துவிட்டால்...

ஒரு நிமிடம். இன்னாசிமேரி அக்கா எழுந்துவிட்டார். நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போகிறார். அக்கா, எங்கே? சுவர் விழுந்த இடத்தில், நடு வாய்க்காலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்! "கொத்தனாரு வரட்டும் சாமி, என்னையும் சேத்து வெச்சுக் கட்டட்டும்" என்கிறார். அதோ வசந்தாமணி அக்கா போகிறார். அஜீஸா அக்கா போகிறார். தாய்மார்கள் எல்லோரும் நாற்காலியோடு போகிறார்கள்!

ஆகவே, என் விளிப்பைத் திருத்திக்கொள்கிறேன். வாய்க்காலில் வீற்றிருக்கும் இந்தக் கூட்டத்தின் தலைவர் இன்னாசிமேரி அக்கா அவர்களே! இனி நீங்கள் மணி அடித்தால் மட்டுமே நிறுத்துவேன். சலீம் பாய், பந்தியை அங்கேயே போடுங்கள், காலையிலும் அங்கேதான் சாப்பாடு. பக்கவாசலில் செருப்பு விட்டவர்கள் தேட வேண்டாம். அதெல்லாம் நமக்கு முன்னால் ஏரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வெறுங்காலோடு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பொறுமை இழந்து உள்ளே வந்த தண்ணீருக்கும் என் நன்றி, வணக்கம்! நானும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாரேனுங்க.