ஒன்றுக்கு ஒன்று

லென்ஸ் வாங்குகிற விஷயத்தில் அவசரப்படக் கூடாது என்பது என் கட்சி. செருப்பு வாங்குகிறவர்கூட நாலடி நடந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்.

நீங்கள் பத்துத் தாளும் ஒரு பேனாவும் கொடுத்து, "ஆரம்பத்துல இருந்து எழுதுங்க, எதையும் விடாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷனில் எதிர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை ஆரம்பம் அந்த லென்ஸ்தான். என் மச்சினியைக் கேட்டால் வேறு எங்கிருந்தாவது ஆரம்பித்திருப்பாள். அக்காவைப் பறிகொடுத்தவள். அவள் கொடுத்த புகாரைப் படித்துக் காட்டினீர்கள். தேதிகளில் ஒன்றிரண்டு தவறு இருக்கிறது, மற்றபடி சரிதான்.

பதினெட்டு வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம், பள்ளிக்கூட குரூப் படம் என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. நகைக்கடைக்காரர் ஒருவர் கம்மல், மோதிரங்களை மிக அருகில் எடுத்துத் தரச் சொன்னபோதுதான் மேக்ரோ லென்ஸ் தேவைப்பட்டது. கேமரா கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று அறுபது மில்லிமீட்டர், இன்னொன்று நூறு. அறுபதில் ஒரு எறும்பை அதன் உண்மையான அளவில் எடுக்க வேண்டுமென்றால் அதன் மூக்கோடு மூக்கு உரச வேண்டும். நம் நிழலே அதன்மேல் விழும். நூறு அப்படியில்லை. முக்கால் சாண் தள்ளி நின்றே எடுத்துவிடலாம். நாம் இவ்வளவு பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. நான் ஆற அமர இரண்டையும் மாட்டிப் பார்த்துவிட்டு நூறை எடுத்துக்கொண்டேன்.

"மூஞ்சி எடுக்கவும் இது நல்லா இருக்கும் சார். மூக்கு பெருசா தெரியாது," என்றார் கடைக்காரர். "ஆனா ஒண்ணு, இது பொய் சொல்லாது. உங்க கஸ்டமருங்க அழுதுருவாங்க."

அவர் சொன்னது உண்மை. அந்த லென்ஸில் எடுத்த முகத்தில் ஒவ்வொரு துவாரமும் தெரியும். அப்படியே கையில் கொடுத்தால் அடுத்த வாரம் ஸ்டுடியோவில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால் படம் கேமராவிலிருந்து கணினிக்குப் போகும்போதே தோல் தானாகச் சுத்தமாகிவிடுகிற மாதிரி ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். பரு, தழும்பு, மச்சம் எல்லாம் போய்விடும். அசல் ஒரு ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். பூசி மெழுகியது திரையில் வரும். எங்கள் தொழிலில் இது சாதாரணம், இதைக் குற்றமாக எழுதிக்கொள்ள வேண்டாம்.

புது லென்ஸைப் பழக ஒரு ஆள் வேண்டும். மோதிரம் நகராது, அதில் ஒன்றும் கற்றுக்கொள்ள முடியாது. என் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களின் முகத்துக்குப் பொருந்துகிற ஃபிரேமைத் தேர்ந்து கொடுப்பது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் விடுமுறை. காலை பத்து மணிக்கு எங்கள் படுக்கையறை ஜன்னலில் வெயில் இல்லாத நல்ல வெளிச்சம் வரும். அங்கே ஒரு முக்காலி போட்டு அவளை உட்கார வைத்தேன். முதலில் கண் இமை, பிறகு காது மடல், பிறகு முதுகு.

"முதுகுல என்னங்க இருக்கு?" என்று சிரித்தாள்.

இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தெரிந்த மச்சம்தான். அவளால் அதைப் பார்க்க முடியாது, கையும் எட்டாது. அவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது கூர்மையாக விழுகிற ஆழம் ஒரு காகிதத்தின் கனம்தான். மூச்சு விட்டால் போதும், படம் மங்கிவிடும். "மூச்சைப் பிடி" என்பேன். அவள் உடனே பிடித்துக்கொள்வாள். ஷட்டர் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் விடுவாள். ஸ்டுடியோவுக்கு வந்தவர்களில் யாரும் எனக்கு அவ்வளவு ஒத்துழைத்ததில்லை.

இன்னொரு விஷயமும் உங்களுக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் நீங்கள் எப்படியும் நிபுணர் யாரையாவது கேட்பீர்கள். அந்த லென்ஸில் முழு நெருக்கத்துக்குப் போனால் ஒன்றுக்கு ஒன்று. நான்கு மில்லிமீட்டர் மச்சம் கேமராவுக்குள்ளும் நான்கு மில்லிமீட்டராகவே விழும். ஸ்கேல் தேவையில்லை. ஆகவே அது வளர்ந்தது எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல வழியில்லை. முதல் ஞாயிறு நான்கு. ஒன்பதாவது ஞாயிறு ஐந்து, ஓரம் ஒரு பக்கம் கலைந்திருந்தது.

அந்த ஒன்பதாவது ஞாயிறுதான் அவள் சொன்னாள், "ஏங்க, அங்க அரிக்குது. என்ன இருக்குன்னு கொஞ்சம் காட்டுங்க."

நான் படத்தைக் கணினியில் ஏற்றி அவளைக் கூப்பிட்டேன். திரையில் வந்தது பூசி மெழுகியது. பழக்கதோஷம், நான் அதை நினைக்கவே இல்லை. அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். வெண்ணெய் மாதிரி ஒரு முதுகு.

"மச்சம்கூடத் தெரியலையே. வேற இடத்த எடுத்துட்டீங்களா?"

"வெளிச்சத்துல அப்படித்தான் தெரியும்."

"அப்ப ஒண்ணும் இல்ல. நான்தான் சும்மா பயந்துட்டேன்," என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். பாட்டு முணுமுணுத்துக்கொண்டே போனாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வாய் வரை வந்தது. அவள் அவ்வளவு நிம்மதியாக இருந்ததைப் பார்த்து மென்று விழுங்கிவிட்டேன். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நேற்று நீங்கள் மூன்று முறை "ஏன்" என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அசல் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவை அழகாக இருந்தன. பழுப்பு கறுப்பாகி, கறுப்புக்குள் ஒரு நீலம் வந்து, ஓரங்கள் ஆற்றங்கரை மாதிரி அரித்துக்கொண்டே போயின. பதினெட்டு வருஷம் ஊரார் முகங்களை ஒரே மாதிரி ஆக்கிக் கொடுத்த எனக்கு, முதன்முறையாக ஒன்று தன் இஷ்டத்துக்கு மாறுவதைப் பார்க்கக் கிடைத்தது. டாக்டரிடம் போனால் வெட்டிவிடுவார்கள், வரிசை அறுந்துவிடும். ஒவ்வொரு சனிக்கிழமையும் நாளைக்குச் சொல்லிவிடுவேன் என்று முடிவு செய்வேன். ஞாயிறு காலை அவள் முக்காலியில் உட்கார்ந்ததும், இன்னும் ஒரே ஒரு படம், எடுத்துவிட்டுச் சொல்கிறேன் என்று தோன்றும். எடுத்த பிறகு, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று தோன்றும். என்னால் முடியவில்லை. ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கத் தெரியாதவன்போல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எட்டாவது மாதம் மச்சினி வந்திருந்தாள். அக்காவின் ரவிக்கையில் பொட்டுப் பொட்டாக ரத்தக்கறை பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். எப்போதும்போல் கொண்டையைத் தூக்கி முடிந்திருந்தாள். கோபம் வந்தால் அந்தக் கொண்டை ஆடும்.

"அத்தான், இத நீங்க பாக்கவே இல்லையா? நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டால், தோல் டாக்டரைப் பார்க்க ஒரு மாதம் ஆகும், அவசரமா இல்லையா என்று முடிவு செய்ய முதலில் ஒரு படம் அனுப்புங்கள் என்றார்கள். மச்சினிக்கு ஒரே சந்தோஷம்.

"படம்தானே, நம்ம வீட்டுலயே ஆள் இருக்காரு. அத்தான், உங்க நல்ல லென்ஸ்ல எடுத்து அனுப்புங்க."

நான் அனுப்பியது முதல் ஞாயிறு எடுத்த படத்தை.

இதை நிதானமாக எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் அடிக்கோடு இடப்போகிற இடம் இதுதான். எட்டு மாதத்துக்கு முந்தைய படம். நான்கு மில்லிமீட்டர், வட்டம், ஒரே பழுப்பு. அது பொய்யான படம் இல்லை. ஒரு புள்ளியைக்கூட நான் தொடவில்லை. மறுநாளே பதில் வந்தது: கவலைப்பட ஒன்றுமில்லை, ஆடை உரசி ரத்தம் வந்திருக்கும், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். மனைவி அந்தப் பதிலை இரண்டு முறை வாசித்துவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். அன்று ஸ்டுடியோவைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று அவசியமில்லை.

பதினோராவது மாதம் எங்கள் புகைப்படக்காரர்கள் சங்கம் ஒரு கண்காட்சி வைத்தது. நாற்பத்தைந்தாவது ஞாயிறு எடுத்ததை மூன்றடிக்குப் பெரிதாக்கிக் கொடுத்தேன். 'மண்' என்று பெயர் வைத்தேன். நுழைந்தவுடன் கண்ணில் படுகிற சுவரில் மாட்டினார்கள். என் மனைவி தங்கையோடு வந்தாள். அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"இது என்னங்க, வத்திப்போன ஏரியா?"

"கிட்டத்தட்ட," என்றேன்.

"நல்லா இருக்கு. ஆனா பாத்துக்கிட்டே இருந்தா என்னமோ பண்ணுது," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

அவள் நகர்ந்த இடத்தில் நரைத்த கிராப்பு வைத்த ஒரு அம்மாள் வந்து நின்றார். படத்துக்கு மிக அருகில் போனார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க எடுத்ததா? நான் தோல் டாக்டர். இது மனுஷத் தோல் மாதிரி இருக்கே."

"மரப்பட்டை," என்றேன்.

"அப்படியா. நல்லவேளை. மனுஷத் தோலா இருந்தா, அந்த ஆள இன்னைக்கே கூட்டிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன்."

என் மனைவி பத்தடி தள்ளி, டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தங்கை சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். முதுகு எங்கள் பக்கம் இருந்தது. டாக்டரம்மாள் பார்வையாளர் புத்தகத்தில் 'அருமை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்தக் கையெழுத்தை வைத்து நீங்கள் அவரைக் கண்டுபிடிக்கலாம். நான் இதில் எதையும் மறைக்கவில்லை என்று காட்டத்தான் சொல்கிறேன்.

பதினான்காவது மாதம் அக்குளில் கட்டி தென்பட்டது. மச்சத்திலிருந்து பரவிய புற்றுநோய் என்றார்கள். அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, எல்லாவற்றையும் ஆஸ்பத்திரி பார்த்துக்கொண்டது. ஸ்கேன் அறையில் "மூச்ச இழுத்துப் பிடிங்கம்மா" என்றார்கள். "எனக்குப் பழக்கம்தான். இவரு வாராவாரம் பிடிக்கச் சொல்வாரு," என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐந்து மாதம் இருந்தாள். கடைசி வாரத்தில் ஒருநாள் மத்தியானம், விழித்துக்கொண்டு என் கையைத் தேடிப் பிடித்தாள். கை காகிதம் மாதிரி இருந்தது.

"எனக்கு முதுகுல கண்ணு இல்ல. அங்க ஏதாவது தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க. இல்லையா?"

அவள் அதைக் கேள்வியாகக் கேட்டாளா, எனக்கு ஆறுதலாகச் சொன்னாளா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. "சொல்லியிருப்பேன்," என்றேன். என்னால் அதைத்தான் சொல்ல முடிந்தது.

அவள் போன பிறகு, சுவரில் மாட்ட ஒரு நல்ல படம் தேடி எடுக்கும்படி மச்சினியிடம் நான்தான் சொன்னேன். கணினியைத் திறந்து கொடுத்ததும் நான்தான். 'முதுகு' என்ற ஃபோல்டரை அவள் அப்படித்தான் பார்த்தாள். ஐம்பத்தெட்டு படங்கள், ஒவ்வொன்றிலும் தேதி. அந்த ஃபோல்டர் அதில் இருப்பதை மறந்துபோய்த் திறந்து கொடுத்தேன் என்றால் அவள் நம்பவில்லை. உண்மையில் நான் அவளைத் தடுக்க நினைத்து வாசல்வரை போனேன். கால் அதற்கு மேல் வரவில்லை.

ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம். தெரிந்தே மறைத்தேன், தெரிந்தே பழைய படத்தை அனுப்பினேன். அவளைக் காப்பாற்ற எனக்கு ஐம்பத்தெட்டு ஞாயிறுகள் இருந்தன. என் கையை நான் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். இப்போது புத்தி வந்துவிட்டது. இனி யாருக்கும் அப்படி நடக்க விடமாட்டேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அதனால்தான் இதையும் எழுதுகிறேன். போன வாரம் மச்சினி உங்கள் மேஜையில் குனிந்து புகாரில் கையெழுத்துப் போட்டபோது, நான் அவளுக்குப் பின்னால் பெஞ்சில் இருந்தேன். கொண்டைக்குக் கீழே, பிடரியில், ஒரு மச்சம் இருக்கிறது. ஒரு ஓரம் லேசாகக் கலைந்த மாதிரி தெரிந்தது. அவளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. வெறும் கண்ணால் பார்த்து எதையும் உறுதியாகச் சொல்வது தவறு. நீங்கள் எடுத்து வைத்திருக்கிற என் லென்ஸை அரை மணி நேரம் கொடுத்து, அவளை ஜன்னல் பக்கமாக உட்காரச் சொல்லுங்கள். கட்டாயம் அவளிடம் சொல்லிவிடுவேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு படம்.