பொழுதோடு வீடு சேரும் வண்டி

டிரைவர், கண்டக்டர், கத்தரிக்காய்க் கூடையோடு ஒரு அம்மா, தாலுகா ஆபீஸ் குமாஸ்தாக்கள் இரண்டு பேர், நான். சித்தூரிலிருந்து புத்தூர் போகும் சாயங்கால பஸ்ஸில் இவ்வளவு பேர்தான். இளைய குமாஸ்தா ரயில் கால அட்டவணை படித்துக்கொண்டிருந்தார்.

"லீவு நாள்லயும் இதத்தான் படிக்கிறேன் சார்."

"அதுல இன்னாப்பா கதை கீது? வேலை புடிக்கலையா?" என்றார் மூத்தவர்.

"வேலை புடிக்குது சார்."

"ஸ்டேட் எல்லை பிரிக்கிறாங்க, திருத்தணி மெட்ராஸுக்குப் போவுது. ஆந்திராவுல வேலையா மெட்ராஸ்லயான்னு நாம நாளைக்கு எழுதிக் குடுக்கணும். மெட்ராஸ்னா திருத்தணி ஆபீசு. தமிழ்லயே பைலு எழுதலாம்."

"பைலு எந்த பாஷையில இருந்தா இன்னா சார்? எம்பொண்ணு முழிச்சிக்கினு கீறப்போ நான் புத்தூர்ல வூடு சேரணும். சித்தூர்ல இருந்து அப்படி ஒரு பஸ்ஸும் இல்ல, இது போய்ச் சேர்றதுக்குள்ளயும் தூங்கிடுது."

"திருத்தணியில இருந்து?"

பென்சிலால் குறித்திருந்த ரயில்களை இளையவர் விரல் வைத்து எண்ணினார்.

மூன்று.