பதினேழாம் குடும்பத்து ரத்தம்

எனக்கு மீன் வாசனை ஆகாதுங்க. காட்டுமன்னார்கோயில் பக்கம் நெல்லு விளையற ஊர்ல பொறந்தவன், சுத்த சைவம். அப்படிப்பட்டவன் ஏழு வருஷமா கடலூர் குப்பத்துக்கு மூக்கப் பொத்திக்கிட்டுப் போயிட்டு வந்திருக்கேன்னா, அது ஆராய்ச்சி மேல இருக்குற பக்திதான். விசாரணைக் கமிட்டி இதையும் கொஞ்சம் குறிச்சுக்கணும்.

சுனாமி முடிஞ்சு ஆறாவது மாசம். அந்தக் குப்பத்துக்கு ஆளாளுக்கு எதையாவது தூக்கிட்டு வந்தாங்க. அரிசி, பாய், படகு, பிரார்த்தனை. நான் ஊசி எடுத்துட்டுப் போனேன். நூத்திப் பன்னெண்டு குடும்பமும் வரிசையில நின்னு கைய நீட்டுச்சு. அந்த வருஷம் யார் வந்தாலும் வரிசையில நிக்கணும்னு பழகிட்டாங்க, பாவம். நானும் சும்மா வாங்கல, ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் குடுத்தேன்.

என்னை டாக்டரய்யான்னு கூப்பிட்டாங்க. நான் ஆராய்ச்சிப் பட்டம் வாங்குன டாக்டர், வைத்தியம் பாக்குற டாக்டர் இல்லன்னு ரெண்டு தடவ சொன்னேன். மூணாவது தடவ சொல்லல. எத்தனை தடவதான் சொல்றது?

அந்த ரத்தத்துல ஒரு மரபணு மாற்றம் கெடச்சுது. அதுவரைக்கும் எவனும் பாக்காதது. ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருக்கு. அதுக்கு அக்கம்பக்கத்துல இருக்குற எழுத்துங்க எவ்வளவு கலைஞ்சிருக்குன்னு பாத்தா, மாற்றத்தோட வயசு தெரிஞ்சிடும். எண்ணூறு வருஷம் வந்துது. என்னிக்கோ ஒரே ஒரு ஆளுக்கு வந்தது, புள்ள பேரப்புள்ளன்னு எறங்கி எறங்கி என் டியூபுக்குள்ள வந்து நிக்குது. எனக்கு அழுகையே வந்துடுச்சு. எங்கப்பா செத்தப்பகூட நான் அழுததில்ல.

ஒண்ணு மட்டும் இடிச்சுது. அப்பன் வழியா ஒண்ணு, ஆத்தா வழியா ஒண்ணு, ரெண்டு பக்கமும் இந்த மாற்றம் வந்தாத்தான் அதோட வேலை உடம்புல தெரியும். அப்படி ஒருத்தரும் அந்தக் குப்பத்துல உயிரோட இல்ல. கைக்குழந்தையிலயே போயிடும். தோஷம் தட்டிடுச்சுன்னு சொல்லிப் பொதச்சிடுவாங்க. அப்படி ஒரு ஆளில்லாம கட்டுரை எழுதி அனுப்புனா வெளிநாட்டுப் பத்திரிகைக்காரன் ஆதாரம் எங்கம்பான்.

அப்பத்தான் அமராவதி வந்துது. மீன் விக்கிற பொம்பள, எங்க லிஸ்ட்ல பதினேழாம் நம்பர் குடும்பம். கடலூர்லேர்ந்து பஸ் புடிச்சு சிதம்பரத்துக்கு, என் லேபுக்கே வந்துடுச்சு. அதோட பொண்ணு சினேகாவ, தன்கூடப் பொறந்த தம்பி அரசுக்குக் கட்டிக் குடுக்கணும். தாய்மாமன் உரிமை.

"மகளிர் குழு மீட்டிங்ல சொந்தத்துல கட்டாதீங்கன்னு சொல்றாங்க டாக்டரய்யா. எங்க ரத்தம் பூரா நீங்கதான் பாத்துட்டீங்களே. நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா வேற எடம் பாத்துடறோம்."

ஜாதகத்த ஜோசியர்கிட்ட காட்டுற மாதிரி ரத்தத்த என்கிட்ட காட்ட வந்துடுச்சு. கம்ப்யூட்டர்ல பாத்தேன். மாப்பிள்ளைக்கும் ஒண்ணு இருக்கு, பொண்ணுக்கும் ஒண்ணு இருக்கு.

"தாராளமா பண்ணுங்கம்மா"ன்னேன்.

அதுல பொய் என்ன இருக்கு? பண்ணக்கூடாதுன்னு சட்டமா இருக்கு? அடுத்தவங்க குடும்ப விஷயத்துல மூக்க நுழைக்கிறவன் நான் இல்ல. கல்யாணப் பத்திரிகையில என் பேரப் பெரிய எழுத்துல போட்டிருந்தாங்க. பந்தியில எனக்குன்னு தனியா சாம்பார் வச்சிருந்தாங்க. நல்ல சனங்க.

அடுத்த வருஷம் ஆவணியில பொண்ணு பொறந்துது, திலகவதின்னு பேரு. குதிகால்ல ஒரு சொட்டு எடுத்தேன். ரெண்டு பக்கமும் இருந்துது. அன்னிக்கு லேப்ல எல்லாருக்கும் ஜிலேபி வாங்கிக் குடுத்தேன். அருள்மொழின்னு என்கிட்ட பிஎச்டி பண்ணுன பொண்ணு மட்டும் தொடல.

"சார், அவுங்ககிட்ட சொல்லிடலாம் சார்"ங்குது.

என்னன்னு சொல்றது? இந்தக் குழந்தையோட உடம்பு பசி தாங்காது, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ எழுப்பியாவது பால் குடுக்கணும், காய்ச்சல் வந்தா ஓடிப்போயி குளுக்கோஸ் ஏத்தணும். அவ்வளவுதான், வேற மருந்துகூட வேணாம். சொல்லிட்டா குழந்தை நல்லா இருந்துடும். நல்லா இருந்துட்டா அந்த மாற்றம் என்ன பண்ணும்னு நமக்கு எப்படித் தெரியும்? எண்ணூறு வருஷமா இயற்கை நடத்துற காரியத்துல குறுக்க விழ நாம யாரும்மான்னு கேட்டேன். தீசிஸ்ல கையெழுத்துப் போட வேண்டியவன் நான்கறதால அதுக்கு மேல அது பேசல.

பட்டம் கைக்கு வந்த மறுநாளே என் ஃபைல எடுத்துட்டுப் போயி அமராவதிகிட்ட எல்லாத்தையும் கொட்டிடுச்சு. நன்றி கெட்ட பொண்ணு. இப்ப அந்த வீட்ல ரெண்டாவதா பொறந்த குழந்தைக்கும் அதே ரத்தம்தான். வேளாவேளைக்கு ஊட்டி ஊட்டி, மூணு வயசாகி பால்வாடிக்குப் போயிட்டிருக்காம். இருக்கட்டும், சந்தோஷம்தான். ஆனா விஞ்ஞானத்துக்கு அந்தக் குழந்தையால ஒரு பிரயோஜனமும் இல்ல.

கடைசியா அந்த போன் விஷயம் கேட்டீங்க. மறைக்க என்ன இருக்கு, சொல்றேன். திலகவதிக்கு அப்ப பதினாலு மாசம். மத்தியானம் சினேகாதான் கூப்பிட்டுது. ரெண்டு நாளா காய்ச்சல், காலைலேர்ந்து எதுவும் குடிக்கல, அசந்து தூங்குதுன்னுது.

"எழுப்பிப் பால் குடுக்கட்டுமா டாக்டரய்யா? இல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடட்டுமா?"

"ரெண்டும் வேணாம்மா. தூங்கட்டும், எழுப்பாத"ன்னேன்.

போன வச்சதும் கைக்கடிகாரத்தப் பாத்து நோட்ல எழுதுனேன், ரெண்டு இருபது. அஞ்சு மணிக்கு அரசு போன் பண்ணி அழுதான். ஆக ரெண்டு மணி நாப்பது நிமிஷம். கட்டுரையில நாலாவது பக்கத்துல இருக்கு, எடுத்துப் பாருங்க. ஒரு நிமிஷம் கூட்டியும் எழுதல, கொறச்சும் எழுதல. என் நேர்மைய மட்டும் யாரும் சந்தேகப்பட முடியாது.